கைமாற்றாகப் போன மரபணு: ஒரு ஷாங்காய்ப் பன்றியும் கடைசி மருந்தும்

2013 ஜூலை மாதம். சீனாவின் ஷாங்காயில் ஒரு பெரிய பன்றிப் பண்ணை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் கால்நடைகளில் எவ்வளவு இருக்கின்றன என்று வழக்கமாக எடுக்கும் கணக்குக்காக ஒரு பன்றியிடமிருந்து மாதிரி எடுத்தார்கள். அதில் ஈ-கோலை பாக்டீரியா வளர்ந்தது. பன்றிக் குடலில் ஈ-கோலை இருப்பது ஊரில் காக்கை இருப்பது மாதிரி. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எஸ்.எச்.பி.45 என்று ஓர் அடையாள எண் போட்டு வைத்தார்கள்.

இந்த எஸ்.எச்.பி.45 கொலிஸ்டின் என்ற மருந்துக்குச் சாகவில்லை. அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. கொலிஸ்டின் கலந்த தீவனம் தின்னும் பன்றிகளில் அப்படி ஒன்றிரண்டு கிடைக்கத்தான் செய்யும். தூக்கிவாரிப் போட்டது அடுத்த சோதனைதான். கொலிஸ்டினுக்குச் சாகக்கூடிய இன்னொரு ஈ-கோலையையும் எஸ்.எச்.பி.45-ஐயும் ஒன்றாகக் கலந்து வளரவிட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால், சாக வேண்டியதும் சாகவில்லை. எதிர்ப்பு ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குப் போயிருந்தது.

கொலிஸ்டின் விஷயத்தில் அப்படி நடக்காது என்றுதான் மருத்துவ உலகம் அதுவரை நம்பிக்கொண்டிருந்தது. குவாங்சௌவில் உள்ள தென் சீன வேளாண் பல்கலைக்கழகம், பெய்ஜிங்கில் உள்ள சீன வேளாண் பல்கலைக்கழகம், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை 2015 நவம்பர் 18 அன்று 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்தது. தாவிப் போன மரபணுவுக்கு எம்சிஆர்-1 என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுத்த சில மாதங்களில் மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசுகிற எந்த அறையிலும் இந்தப் பெயர்தான்.

தூக்கிப் போட்ட மருந்து

கொலிஸ்டின் புது மருந்து இல்லை. 1940-களின் கடைசியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அடுத்த பத்தாண்டிலேயே மனிதர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். கிருமியைக் கொன்றது, சரி. கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது, நரம்புகளையும் தொந்தரவு செய்தது. 1970-களில் அதைவிடப் பாதுகாப்பான ஆன்டிபயாட்டிக்குகள் வந்து சேர்ந்ததும் டாக்டர்கள் நிம்மதியாக அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

பண்ணைகள் அதைத் தள்ளவில்லை. காரணம் லேசில் புரியக்கூடியது. மருந்து மலிவு. வாய்வழியே கொடுத்தால் இரத்தத்தில் அநேகமாகச் சேராது. குடலுக்குள்ளேயே நின்று அங்கிருக்கும் ஈ-கோலை போன்ற கிருமிகளைக் கொல்லும். பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்கு வரும் கழிச்சலுக்கும் கோழிகளின் குடல் தொற்றுக்கும் அது அளவெடுத்துத் தைத்த சட்டை. மனிதனுக்கு ஊசியாகப் போட்டபோது கெடுத்த சிறுநீரகத்தைப் பன்றி வயிற்றில் அது எட்டுவதே இல்லை.

நோய்க்குக் கொடுத்தது ஒரு பங்கு என்றால், நோயே இல்லாமல் கொடுத்தது இன்னொரு பங்கு. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய கசடைத் தீவனத்தில் கலந்து கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை வேகமாக எடை போட்டன. அன்றிலிருந்து குறைந்த அளவு ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தோடு தினமும் கொடுப்பது உலகமெங்கும் பண்ணைப் பழக்கமானது. வளர்ச்சி ஊக்கி என்று அதற்குப் பெயர். கிலோ கறிக்கு இவ்வளவு தீவனம் என்று கணக்குப் பார்க்கிற தொழிலில் சில கிராம் மிச்சமானாலும் ஆயிரக்கணக்கான தலைக்கு அது பணம். கொலிஸ்டினும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2015 வாக்கில் உலகக் கால்நடைத் துறைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 டன் தேவைப்படும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். தயாரிப்பில் முன்னணியில் இருந்தது சீனா.

இதற்கிடையில் மருத்துவமனைகளில் நிலைமை தலைகீழானது. கார்பபெனம் என்ற வலுவான மருந்து வரிசைக்கும் அடங்காத கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் முதலிய கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகின. கையில் வேறொன்றும் இல்லாத டாக்டர்கள், சிறுநீரகம் போனாலும் உயிர் நிற்கட்டும் என்று பின்வரிசையில் கிடந்த கொலிஸ்டினை மறுபடி எடுத்தார்கள். கிழட்டு மாடு என்று சந்தையில் விற்றுவிட்டு, உழவு நேரத்தில் அதையே தேடிக்கொண்டு போன கதை. தேடிப் போனபோது, வாங்கியவர் அதை இரவு பகலாக ஏரில் பூட்டியிருந்தார்.

பரம்பரைச் சொத்தும் கைமாற்றும்

ஒரு பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு வருவது இரண்டு வழியில். ஒன்று, அதன் சொந்தக் குரோமோசோமில் மாற்றம் நிகழ்ந்து வருவது. இது பரம்பரைச் சொத்து. பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும், அடுத்த வீட்டுக்குப் போகாது. கொலிஸ்டினுக்கு இந்த வழி மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தார்கள்.

இன்னொன்று பிளாஸ்மிட். குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம். இதை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். வாங்குவது சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்றில்லை. வேறு இனமாகக்கூட இருக்கலாம். கைமாற்று என்று சொல்லலாம். கொடுத்தவனுக்கும் குறையாத, திருப்பிக் கேட்காத கைமாற்று. எஸ்.எச்.பி.45-இல் இருந்தது சுமார் 64,000 எழுத்து நீளமுள்ள அப்படி ஒரு வளையம். அதில்தான் எம்சிஆர்-1 உட்கார்ந்திருந்தது.

அது செய்யும் வேலை எளிமையானது. கொலிஸ்டின் நேர்மின்னூட்டம் கொண்ட மருந்து. ஈ-கோலையின் வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. அந்த ஈர்ப்பால் மருந்து சவ்வில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கிழிக்கும். எம்சிஆர்-1 தயாரிக்கிற நொதி, சவ்வின் கொழுப்பில் பாஸ்போஎத்தனாலமைன் என்ற சின்னத் துண்டை ஒட்டிவிடுகிறது. எதிர்மின்னூட்டம் குறைகிறது. அப்புறம் மருந்துக்கு அங்கே பிடி கிடைக்காது. எண்ணெய் தடவிய வழுக்குமரத்தில் ஏறப் பார்ப்பவன் கதிதான்.

ஆனால் இந்த எண்ணெய் இலவசம் இல்லை. நொதியை அளவுக்கு மீறித் தயாரித்தால் பாக்டீரியாவின் சொந்தச் சவ்வே கெடுகிறது, வளர்ச்சி மட்டுப்படுகிறது. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

யார் யாருக்குக் கொடுத்தது?

மனிதனிடமிருந்து பன்றிக்குப் போனதா, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்ததா? இந்த மாதிரி எந்த நிகழ்விலும் முதலில் கிளம்பும் சண்டை இதுதான். பண்ணைத் துறை மருத்துவமனையைக் காட்டும், மருத்துவமனை பண்ணையைக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே மருந்தைப் பயன்படுத்தும்போது தீர்ப்புச் சொல்வது கஷ்டம்.

சீனாவின் விசேஷம், அப்போது அங்கே மருத்துவமனைகளில் கொலிஸ்டின் புழக்கத்தில் இல்லை. மனிதர்களுக்கு அனுமதியே 2017-இல்தான் வந்தது. அதாவது அந்த நாட்டில் கொலிஸ்டின் பயன்பட்ட இடம் கால்நடை மட்டும்தான். இப்போது எண்களைப் பாருங்கள். 2011 முதல் 2014 வரை சேகரித்த கிருமிகளில், கசாப்புக்கு வந்த விலங்குகளிடமிருந்து எடுத்த 804-இல் 166-க்கு எம்சிஆர்-1 இருந்தது. அதாவது 21 சதவீதம். கடைகளில் வாங்கிய பச்சைக் கறியில் 523 மாதிரிகளுக்கு 78. அதாவது 15 சதவீதம். மருத்துவமனை நோயாளிகளில் 1,322 பேருக்கு 16. சுமார் 1 சதவீதம்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவது மாதிரி இந்த எண்கள் இறங்குகின்றன. மருந்தே கொடுக்காத இடத்தில் அந்த மருந்துக்கான எதிர்ப்பு தானாக முளைத்துப் பரவ வழியில்லை. எந்தப் பன்றியிடமிருந்து எந்த நோயாளிக்கு என்று விரலை நீட்டிச் சொல்ல இந்தக் கணக்கால் முடியாது. திசையைச் சொல்ல முடியும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது எம்சிஆர்-1-ஐக் கண்டுபிடித்ததைவிட இந்த ஒப்பீடுதான். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு சுத்தமாக இது கிடைத்திருக்காது.

இந்தத் திசை புதிதும் இல்லை. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு பண்ணையில் 300 கோழிகளை வைத்து, பாதிக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனமும் மீதிக்கு வெறும் தீவனமும் கொடுத்துப் பார்த்தார். மருந்து தின்ற கோழிகளின் குடலில் ஒரு வாரத்துக்குள் டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமிகளே நிறைந்துவிட்டன. ஐந்தாறு மாதத்தில் பண்ணைக் குடும்பத்தாரின் மலத்திலும் அவை பெருகின. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்த அளவு இல்லை. அந்தக் குடும்பம் மருந்து சாப்பிடவில்லை. கோழியோடு வாழ்ந்தது, அவ்வளவுதான்.

உறைபெட்டிகளைத் திறந்தபோது

நவம்பரில் கட்டுரை வந்தது. டிசம்பருக்குள் டென்மார்க் பதில் சொல்லிவிட்டது. அங்கே கிருமிகளின் முழு மரபணு வரிசையைப் படித்துக் கணினியில் சேர்த்து வைத்திருந்தார்கள். சுமார் 3,000 கிருமிகளின் பதிவு. ஆய்வகத்தில் எதையும் வளர்க்கத் தேவையில்லாமல், சீனாவிலிருந்து வந்த மரபணு வரிசையைக் கணினியில் போட்டுத் தேடினார்கள். இரத்தத்தில் தொற்று வந்த ஒரு நோயாளி, இறக்குமதியான கோழிக்கறி மாதிரிகள் ஐந்து என்று விடை வந்தது. கறி மாதிரிகள் 2012-க்கும் 2014-க்கும் இடைப்பட்டவை. உலகம் பெயர் வைக்கும் முன்பே டென்மார்க்கின் உறைபெட்டியில் எம்சிஆர்-1 இருந்திருக்கிறது.

அதே மாதம் பிரிட்டனும் பழைய சேமிப்பைத் துழாவி, சுமார் 24,000 மாதிரிகளில் 15-ஐக் கண்டெடுத்தது. சீனாவிலேயே பழைய கோழி மாதிரிகளைக் கிளறியபோது 1980-களைச் சேர்ந்த மூன்றில் இந்த மரபணு இருந்தது. அப்படியானால் முப்பது வருடமாக அது ஓரத்தில் பதுங்கியிருந்தது. கொலிஸ்டின் கொட்டப்பட்ட பிறகுதான் பெருகியது.

2016 மே மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சிறுநீர்த் தொற்றுடன் வந்த 49 வயதுப் பெண்ணிடம் எம்சிஆர்-1 உள்ள ஈ-கோலை கிடைத்தது. எந்த மருந்துக்கும் சாகாத கிருமி வந்துவிட்டது என்று ஊடகங்கள் அலறின. அது உண்மை இல்லை. அந்தக் கிருமி கார்பபெனத்துக்குச் சாகக்கூடியதாகத்தான் இருந்தது. அச்சம் அந்த ஒரு கிருமியைப் பற்றியது அல்ல. கார்பபெனத்தை முறிக்கும் என்டிஎம் மரபணுவும் எம்சிஆர்-1-உம் ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான். சேர்ந்தும் விட்டன, சீனாவில் மனிதர்களிடமும் கோழிப் பண்ணைகளிலும் அப்படிப்பட்டவை கிடைத்தன. கோழிகளுக்கு யாரும் கார்பபெனம் கொடுப்பதில்லை. ஆனாலும் ஷாண்டோங் மாகாணக் கோழிப் பண்ணைகளைத் துருவிய ஆய்வில் கோழியிடம் மட்டுமல்ல, பண்ணை நாய், ஈ, சாக்கடை, சுற்றித் திரியும் பறவைகள் என்று எல்லாவற்றிடமும் என்டிஎம் இருந்தது.

இவ்வளவு காலம் இது கண்ணில் படாமல் போனதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. மருத்துவமனை ஆய்வகங்களில் கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்க்கும் வழக்கமான முறை, மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லையை, கிருமி வளர்க்கும் அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் வைப்பது. மருந்து அகாரில் ஊறிப் பரவி, சுற்றிலும் கிருமி வளராத ஒரு வட்டம் விழும். கொலிஸ்டின் மூலக்கூறு பெரியது. அகாரில் சரியாகப் பரவாது. வட்டம் எதைக் காட்டினாலும் நம்ப முடியாது. சின்னச் சின்னக் குழிகளில் நீர்ம ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பதுதான் சரியான முறை என்று 2016-இல் ஐரோப்பிய, அமெரிக்கத் தர அமைப்புகள் சேர்ந்து சொன்னார்கள். அந்த முறைக்கு நேரமும் ஆளும் வேண்டும். கடைசி மருந்து என்று பெயர், அதைச் சோதிக்க ஒழுங்கான வழி பல இடங்களில் இல்லை.

எச்சம் வேறு, கிருமி வேறு

கறியில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மருந்து எச்சத்தைத்தான் கேட்கிறார்கள். அரசு ஆய்வகங்களும் அதைத்தான் அளக்கின்றன: ஒரு கிலோ கறியில் இத்தனை மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று வரம்பு, வெட்டுவதற்கு இத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்த வேண்டும் என்று விதி. தேவையான விதிகள்தான், மறுக்கவில்லை.

ஆனால் கொலிஸ்டின் இந்த வலையில் மாட்டவே மாட்டாது. குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகாத மருந்து சதையில் எப்படிச் சேரும்? தினமும் கொலிஸ்டின் தின்ற கோழியின் நெஞ்சுக்கறி எச்சச் சோதனையில் பாஸ் ஆகிவிடலாம். அதே கோழியின் குடலிலோ ஒவ்வொரு நாளும் மருந்துக்குச் செத்தவை போக, சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகிக்கொண்டிருக்கும். நிறுத்தி வைக்கிற நாட்களில் மருந்து போய்விடும், கிருமி போகாது. இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இது. அளந்துகொண்டிருந்தது ஒன்றை, பரவிக்கொண்டிருந்தது இன்னொன்று.

கறியைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது சரிதான். எம்சிஆர்-1 வைத்திருக்கும் ஈ-கோலைக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி ஒன்றும் கூடுதலாக இல்லை. நம் ஊர்க் குழம்பில் அது பிழைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நினைத்துப் பாருங்கள். கோழி தம்மில் நன்றாக வெந்துவிடும். அதே கோழியைத் துண்டு போட்ட பலகையில், அதே கத்தியால் வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போட்டால் அது பச்சையாகவே இலைக்கு வருகிறது. கோழியைக் குழாயடியில் வைத்துக் கழுவும்போது தெறிக்கிற நீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர் வரை போகும். சாப்பிட்டவுடன் ஒன்றும் ஆகாது, வயிறுகூட வலிக்காது. அந்த ஈ-கோலை குடலில் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும். போகும் முன் அங்கே இருக்கும் நம் சொந்தக் கிருமிக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டால், அது வெளியே தெரிவது என்றோ ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கும்போதுதான்.

கறி ஒரு பாதை மட்டும்தான். பண்ணையில் வேலை செய்பவரின் கை, பண்ணைக் கழிவு இறங்கும் ஓடை, வயலுக்குப் போகும் எரு என்று மற்ற பாதைகள் எல்லாம் சமையலறையைத் தொடாமலே போகின்றன. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

தடைக்குப் பின்

சீன அரசு இந்த விஷயத்தில் வியக்கத்தக்க வேகம் காட்டியது. சொந்த நாட்டு ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு என்பதும் உதவியிருக்கும். 2016-இல் வேளாண் அமைச்சகம் கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்த முடிவெடுத்தது. 2017 ஏப்ரல் 30-இலிருந்து அது முழுமையாக அமலுக்கு வந்தது. நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. தீவனத்தில் தினமும் கலப்பதைத்தான் நிறுத்தினார்கள்.

அதே ஆய்வுக் குழுக்கள் முன்னும் பின்னும் எண்ணினார்கள். 2015-இல் 27,170 டன்னாக இருந்த கொலிஸ்டின் பிரீமிக்ஸ் உற்பத்தி 2018-இல் 2,497 டன்னாக விழுந்தது. பிரீமிக்ஸ் என்பது மருந்தோடு நிரப்பியும் சேர்ந்த தீவனக் கலவை; சுத்த மருந்தின் எடை இல்லை. ஆனாலும் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போனது. பன்றிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ-கோலை 2015-16-இல் 34 சதவீதம், 2017-18-இல் 5.1. கோழிகளில் 18.1-இலிருந்து 5-க்கு இறங்கியது. குவாங்சௌவில் ஆரோக்கியமானவர்களின் மலத்தைச் சோதித்ததில், எம்சிஆர்-1 சுமந்தவர்கள் 2016-இல் 14.3 சதவீதம், 2019-இல் 6.3.

ஏழு பேரில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு நடமாடினார் என்பதை முதலில் ஜீரணிக்க வேண்டும். அடுத்தது, மூன்றே வருடத்தில் அது பாதிக்குக் கீழே வந்தது. மருந்து எதிர்ப்பில் போனது போனதுதான், திரும்ப வராது என்று பல வருடங்களாகக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிது. மேலே சொன்ன விலைதான் காரணமாக இருக்க வேண்டும். மருந்து இல்லாத குடலில் அந்த எண்ணெய்ப் பூச்சு வீண் செலவு, சுமக்காதவை முந்திவிடுகின்றன. இவர்கள் எண்ணியதெல்லாம் பன்றி, கோழி, ஆரோக்கியமான மனிதன். நோயாளிகளில் இறக்கம் அவ்வளவு தெளிவாக இல்லை: மருத்துவமனைத் தொற்றுகளில் 1.7 சதவீதம் 1.3 ஆனது, அவ்வளவுதான்.

முழுக்கப் போகாததற்கும் காரணம் உண்டு. எம்சிஆர்-1 உட்கார்ந்திருக்கும் சில பிளாஸ்மிட்டுகளில் வேறு பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்தே இருக்கின்றன. பண்ணையில் டெட்ராசைக்ளின் கொடுத்தால்கூட அந்த வளையம் மொத்தமாகத் தப்பிக்கும். ஒரு டிக்கெட்டில் குடும்பமே பஸ் ஏறுகிற கதை.

இங்கே

இந்தியா 2019 ஜூலை 19 அன்று அறிவிக்கை வெளியிட்டது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், பிரிவு 26ஏ. உணவுக்கான கால்நடை, கோழி, மீன்-இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைத் தயாரிப்பதும் விற்பதும் விநியோகிப்பதும் தடை. சீனாவைவிட ஒரு படி கடுமையானது. அங்கே சிகிச்சைக்கு விட்ட வாசலை இங்கே அடைத்துவிட்டார்கள். 2012-இல் சென்னையில் தொற்றுநோய் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு வழிவரைபடம் போட்டதிலிருந்து பலர் கேட்டு வந்ததன் ஒரு பகுதி இது. சென்னையில் சந்தையில் வாங்கிய உணவுப் பொருட்களைச் சோதித்த மருத்துவர்கள், அவற்றில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இருந்ததை வெளியிட்டும் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் மருத்துவமனைகளில் உயிரைக் குடிக்கிற கொலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் கிளெப்சியெல்லாவில் வருவது. அதில் அதிகமும் எம்சிஆர்-1 இல்லை, குரோமோசோம் மாற்றம். பரம்பரைச் சொத்து வகை. அது வார்டுகளுக்குள் கொலிஸ்டினை அள்ளி இறைத்ததாலும் கையைக் கழுவாததாலும் பரவியது. அந்தக் கணக்கைக் கோழிப் பண்ணையின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. பண்ணையின் கணக்கு வேறு: ஊரில் நலமாக இருக்கும் மனிதர்களின் குடலில் கைமாற்றுச் சரக்கை நிரப்பி வைப்பது.

தடையைக் காகிதத்தில் படிப்பதற்கும் பண்ணையில் பார்ப்பதற்கும் இடையில் ஒரு தீவன மூட்டை இருக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி வளர்ப்பில் பெரும்பங்கு ஒப்பந்த முறை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் ஆளும் கரண்டும் தண்ணீரும் பண்ணைக்காரருடையது. ஆறு வாரம் போல வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தின்ற தீவனத்துக்கு எடை குறைவாக வந்தால் கூலியும் குறையும். மூட்டையின் மேல் புரதம் எத்தனை சதவீதம், நார் எத்தனை என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் வேறென்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், வண்டியில் வந்து இறங்குவதைக் கொட்டுகிறோம் என்பதுதான் அவரிடம் இருக்கும் பதில். ஊக்கி வேண்டாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. எடை குறைந்தால் இழப்பு மட்டும் அவருடையது.

ஊக்கி இல்லாமல் வளர்க்க முடியாது என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாவற்றையும் நிறுத்தியது. ஸ்வீடன் அதற்கு இருபது வருடம் முன்பே, 1986-இல் நிறுத்தியது. அங்கே பன்றிக் கறிக்கும் கோழிக் கறிக்கும் பஞ்சம் வந்துவிடவில்லை. குட்டிகளைக் கொஞ்சம் தாமதமாகப் பால் மறக்கடித்தார்கள், கொட்டிலில் நெரிசலைக் குறைத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், கூளத்தை உலர்வாக வைத்தார்கள். எல்லாமே செலவு. மலிவான கொலிஸ்டின் மூட்டை இத்தனை நாளாக மிச்சம் பிடித்துக் கொடுத்தது இந்தச் செலவைத்தான்.

ஆறு வாரம் முடிந்து கோழி ஏறிப் போனபின் கொட்டகையில் மிஞ்சுவது தென்னை நார்க் கழிவும் கோழி எச்சமும் கலந்த கூளம். அதை அள்ளி டிராக்டரில் ஏற்றித் தோப்புகளுக்கு எருவாக விற்பார்கள். மூடாக்குப் போட்டு நன்றாக மக்கவிட்டால் குவியலின் சூட்டிலேயே பெரும்பாலான கிருமி செத்துவிடும். அதற்கு வாரக்கணக்கில் இடம் வேண்டும், அடுத்த குஞ்சு வண்டியோ பத்துப் பதினைந்து நாளில் வந்துவிடும். அதனால் கூளம் பெரும்பாலும் பச்சையாகவே தோப்புக்குப் போகிறது, பின்னால் மழையோடு வாய்க்காலுக்கு.